நூற்றைம்பது வீதம்

அந்த அக்காவின் கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது கெட்ட திரைதான். நல்ல திரை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அதை அவர் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். மரண அறிவித்தலோ நினைவு மலரோ வடிவமைத்து முடிந்ததும், அந்தப் பக்கத்தை மவுசால் பிடித்து இழுத்துப் பழைய சதுரத் திரைக்குக் கொண்டுவருவார். "இதில பாருங்கோ. இது கூடாத ஸ்கிரீன். இதில உங்களுக்குப் பிடிச்சா அச்சில கட்டாயம் பிடிக்கும்" என்பார்.

வியாபாரம் செய்கிற யாரும் இப்படிச் செய்வதில்லை. புடவைக் கடைக்காரர் துணியை வெளிச்சத்தில் விரிப்பார், மீன்காரர் செவுளைத் திறந்து காட்டுவார். அக்கா தன் சரக்கை இருட்டில் வைத்துக் காட்டுவார். நான் அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார், ஆனால் பழக்கத்தை மாற்றமாட்டார்.

கடை என்பது திருகோணமலை நகரத்தில் உட்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஓர் அறை. அச்சு இயந்திரம் அங்கே கிடையாது. பக்கங்களை அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவதோடு அவருடைய வேலை முடிந்துவிடும். காலையில் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவார். கழித்த தாள்களை வாசலில் போட்டால், நகரத்து வீதிகளில் திரியும் மான்கள் வந்து மென்றுவிட்டுப் போகும். பெயர்ப்பலகையில் எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்தன. பூசச் சொன்னால், பலகையைப் பார்த்து வருகிறவர்கள் வேறு கடைக்கே போகட்டும் என்பார்.

நான் அவருடைய கணினியைப் பார்த்துக்கொள்கிறவன். நகரத்தில் சில அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் அதுதான் என் தொழில். கடற்காற்றில் செருகிகளின் முனை துருப்பிடிக்கும், வருகிறவர்களின் பென்டிரைவ்களில் வைரஸ் வரும். ஒருமுறை அப்படி வந்த வைரஸ் பாதி முடிந்த நினைவு மலர் ஒன்றை விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான்தான் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அக்கா ஒரு கிழமையில் பழகிவிட்டார். ஆனால் யாராவது கேட்டால், "எனக்கு உது ஒண்டும் விளங்காது, தம்பிதான் எல்லாம்" என்று என்னைக் காட்டுவார். பொய். பாதி விஷயங்களை அவர்தான் எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னார்.

எதையும் அதன் குறையோடு சேர்த்துத்தான் அவரால் ஒருவர் கையில் கொடுக்க முடியும். தேத்தண்ணி தரும்போது, இண்டைக்குச் சாயம் ஏறேல்லை என்பார். குடித்தால் நன்றாகத்தான் இருக்கும். கதிரையை இழுத்துப் போடும்போது ஒரு கால் ஆடும் என்று எச்சரிப்பார். அது ஆடி நான் கண்டதில்லை. தொடக்கத்தில் இதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். பிறகு அது ஒருவகைப் பிடிவாதம் என்று தெரிந்தது. யாரும் தன்னிடம் வந்து ஏமாந்துபோகக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பயமே இருந்தது.

அவர் கலியாணம் செய்யவில்லை. அந்தக் கதையையும் அவரே ஒருநாள் திரையில் பக்கம் ஒன்றின் எல்லைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு, ஏதோ மற்றவருக்கு நடந்தது போலச் சொன்னார். இருபத்தைந்து வயதில் ஒரு நல்ல இடத்திலிருந்து படம் கேட்டிருந்தார்களாம். ஸ்டூடியோவில் எடுத்த அழகான படம் ஒன்று வீட்டில் இருந்தது. அக்கா அதை எடுத்து ஒளித்துவிட்டு, அம்மை வந்து எழும்பிய கிழமையில் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தை உறைக்குள் வைத்து அனுப்பிவிட்டார். அந்தப் பக்கமிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

"ஏனக்கா அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்த முகத்துக்கு ஓம் எண்டு வந்தா, பிறகு அந்தாள் ஏமாற ஒண்டுமில்லைத்தானே."

சொல்லிவிட்டு மறுபடி எல்லைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். எனக்கு அன்று அவர்மீது கோபம்தான் வந்தது. அம்மைத் தழும்பு ஒன்றுகூட இப்போது அவர் முகத்தில் இல்லை.

நல்ல திரை கனடாவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஊருக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். பெரியது, மிக நுணுக்கமானது. பழைய திரையில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் அதில் நாலு புள்ளி. அங்கேதான் தொல்லை தொடங்கியது. திரையில் எல்லாவற்றையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்ற ஸ்கேலிங்கை இரண்டிலும் நூறு வீதத்தில் வைத்தால் புதியதில் எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரியும். புதியதை இருநூறாக்கினால் எழுத்து சரியாகும், ஆனால் மலரின் இரண்டு பக்கங்களும் ஒரே பார்வையில் அடங்காது. ஒரு திரையிலிருந்து மற்றதற்கு இழுத்தால் மென்பொருளின் சன்னல் பாதி வழியில் ஊதிப் பெருக்கும், இல்லாவிட்டால் சுருங்கும். சில மென்பொருள்கள் பழைய திரைக்குப் போன பிறகும் புதியதன் உருவத்திலேயே நிற்கும். அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தலையைச் சுத்துது தம்பி என்றார்.

நான் இரண்டு நாள் முயன்றேன். கடைசியில் புதிய திரையை நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில், நூற்றைம்பதில் வைத்தேன். எழுத்து வாசிக்கக் கூடியதாக இருந்தது, இரண்டு பக்கங்களும் அடங்கின. அக்கா சந்தோசப்பட்டார். நான் பெருமைப்பட்டேன். இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை எங்கோ வாசித்தும் இருந்தேன். புதிய மென்பொருள்கள் நூற்றைம்பதுக்குத் தக்கபடி தாங்களே வரைந்துகொள்ளும். பழையவற்றுக்கு அது தெரியாது. அவை நூறுக்கு வரைந்ததைக் கணினி பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், அதனால் கொஞ்சம் மங்கும். அக்கா படங்களைத் திருத்தும் மென்பொருள் பழையது. கொஞ்சம் மங்கினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

சம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தது அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு. நாற்பது வயதிருக்கும். அவருடைய தகப்பனார் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்க வேண்டும். தகப்பனாருக்குக் கடல்தான் தொழில். போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அல்பமும் போய்விட்டது. பிறகு அவர் படம் எடுக்க நிற்கவே இல்லையாம். மிஞ்சியது மீனவர் சங்க அங்கத்துவப் புத்தகத்தில் ஒட்டியிருந்த தபால் முத்திரை அளவுப் படம் ஒன்று. அதன் ஒரு மூலையில் சங்கத்தின் நீல முத்திரை ஏறியிருந்தது. "ஐயாட முகம் எண்டு எங்களிட்ட இது ஒண்டுதான் கிடக்கு. பேரப்பிள்ளையளுக்குக் காட்ட வேற ஒண்டுமில்லை, அக்கா" என்று அந்தப் பெண் சொன்னதாக அக்கா எனக்குப் பிறகு சொன்னார்.

அக்கா படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். பழைய திரையில் பார்த்தபோது முகம் சுமாராகத் தெரிந்தது. புதிய திரைக்கு இழுத்தபோது கண் இரண்டும் கரைந்துபோயிருந்தன. அவர் எனக்குப் போன் எடுத்தார். நான் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் மேசைக்கடியில் குந்தி வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரு படம் பழசில பறவாயில்லை, புதுசில மங்கல். நான் எதை நம்புறது?"

"புதுசைத்தானக்கா. பழசு மறைக்கிறதை அது காட்டும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று வைத்துவிட்டார்.

மங்கலான முகத்தை மலரில் போடுவதை அவர் எப்போதும் மறுப்பார். பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஆளை அறியப்போகிறார்கள், மங்கலாகக் கொடுத்தால் மங்கலாகத்தான் மனதில் வைத்திருப்பார்கள் என்பது அவருடைய கொள்கை. அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் புதிய திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்தத் திரை திருப்பப்பட்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அன்று அதுதான் கெட்ட திரை. பெண் பார்த்துவிட்டு, அக்கா சொன்னால் சரி என்றாராம். முகம் வரவேண்டிய இடத்தில் குத்துவிளக்குப் படம் வந்தது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு மலர் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டது.

ஒரு பத்து நாள் கழித்துப் புதிய திரை திடீரென்று கறுத்துவிட்டதென்று அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். செருகி துருப்பிடித்திருந்தது. வேறு வயர் போட்டு வேறு துளையில் செருகினேன். கணினி அதை இப்போதுதான் வந்த திரை என்று நினைத்து, நான் வைத்திருந்த நூற்றைம்பதை மறந்து நூறுக்குப் போய்விட்டது. எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. அக்கா அடுத்த மலர் ஒன்றுக்குச் சம்பூர் மலரின் அமைப்பைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார், அதோடு சேர்த்து வைத்திருந்த அந்தத் தகப்பனாரின் படமும் படம் திருத்தும் பழைய மென்பொருளில் திறந்து கிடந்தது.

முகம் தெளிவாக இருந்தது. சிறிதாகத் தெரிந்தாலும் கண்மணி தெரிந்தது, இடது கன்னத்தில் ஒரு மச்சம் தெரிந்தது, நீல முத்திரையில் எழுத்துகளை வாசிக்கக்கூட முடிந்தது. நான் நூற்றைம்பதுக்கு மாற்றினேன். கண் கரைந்தது. நூறுக்கு இறக்கினேன். கண் வந்தது. அக்கா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதை அவர் பேசிய பிறகுதான் உணர்ந்தேன்.

"படம் முந்தியும் இப்பிடியேதான் இருந்ததோ?"

"ஓமக்கா."

"அப்ப போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

நூற்றைம்பது நான் வைத்தது, புதியதை நம்பச் சொன்னதும் நான். இதைச் சொல்ல வாய் எடுத்தேன். வந்தது வேறு. லினக்ஸில் சில நேரம் இப்படி வரும் என்றேன். யார் வீட்டிலோ மழை ஒழுகுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, மலரில் ஒட்டக்கூடிய அளவில் அந்த முகத்தைப் பல பிரதிகளாக ஒரு தாள் நிறைய அடுக்கத் தொடங்கினார்.

அச்சகத்திலிருந்து முகங்கள் வந்ததும் இருவரும் என் மோட்டார் சைக்கிளில் போனோம். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் கடந்து, சம்பூர். அக்காவின் பையில் ஒரு பசைக்குச்சியும், கோடு பிடிக்க ஓர் இரும்பு அடிமட்டமும், நடுவில் சதுரமாக வெட்டிய மட்டை ஒன்றும் இருந்தன. முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், மலர் வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அங்கேதான் எனக்கு விசயம் தெரியவந்தது. சாப்பிட வந்த கிழவர்கள் மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆளின் படம் எங்கே என்று கேட்டார்களாம். மகள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார். பேரன் குத்துவிளக்கைக் காட்டி, இதுதான் அம்மப்பாவா என்று கேட்டதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிழை என்ர கண்ணில, பிள்ளை. நல்ல படத்தைக் கூடாதெண்டு சொல்லிப்போட்டன்."

நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது பேசியிருக்கலாம். இரண்டு நாளில் முப்பதுக்குக் கிட்ட வீடுகளுக்குப் போனோம், மூதூரிலும் சில. ஒவ்வொரு வீட்டிலும் அதே வசனம். பிறகு மலரை வாங்கி மடியில் விரித்து, மட்டையைக் குத்துவிளக்கின்மேல் வைத்து, சதுரத்துக்குள் முகத்தை இறக்கி ஒட்டுவார். கண்ணாடி போடுவதில்லை. அவருக்குக் கண்ணாடியே கிடையாது. வீட்டுக்காரர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கிறதா, கிளினிக்கில் காட்டினீர்களா என்று விசாரிப்பார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

இரண்டாம் நாள் திரும்பி வரும்போது பாலத்தில் நிறுத்தினேன். ஏனக்கா கண் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்கேலிங், நூற்றைம்பது எண்டெல்லாம் சொன்னா அதுகளுக்கு விளங்குமே? கண் பிழை எண்டா எல்லாருக்கும் விளங்கும்."

"புதுசை நம்பச் சொன்னது நானெல்லோ."

"நீங்கள் சொல்லாட்டியும் நான் அதைத்தான் நம்பியிருப்பன், தம்பி."

அது உண்மை. இரண்டில் எது மோசமாகக் காட்டுகிறதோ அதை நம்புவதுதான் அவர் வழக்கம். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நான் கன நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

கதை மூதூரிலிருந்து நகரத்துக்கு வர ஒரு மாதம்தான் எடுத்தது. கடை அக்காவுக்குக் கண் ஏலாதாம் என்று சந்தையில் கேட்டேன், பேருந்து நிலையத்தில் கேட்டேன். சின்னப் படம் வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேடினார்கள். பிறகு பெரிய படம் வைத்திருந்தவர்களும் போனார்கள். என்னிடமே ஒருவர், அவ நல்ல மனிசி, ஆனா கண் முக்கியம்தானே என்றார். நான் ஓம் என்றேன். நான் ஒத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான், ஓம் என்றேன். அடுத்த வருடம் அக்கா கடையை மூடிவிட்டுக் கொழும்பில் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது புதிய திரையை என்னிடம் தந்தார். மூலையில் ஒரு புள்ளி எரியாது என்று எச்சரித்தார். நான் தேடிப் பார்த்தேன், எல்லாப் புள்ளியும் எரிகின்றன.

அண்மையில் மூதூரில் ஒரு வேலை வந்தது. முடித்துவிட்டுத் திரும்பாமல் மோட்டார் சைக்கிளைச் சம்பூருக்கே விட்டேன். அந்த மகளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கதிரை போட்டார். நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு திரைகள், நூற்றைம்பது, போனில் நான் சொன்ன பதில், அக்காவின் கண்ணில் ஒரு பிழையும் இல்லை என்பது. இவ்வளவு காலம் பொத்தி வைத்திருந்ததால் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அக்கா உங்களை அனுப்பினவவோ?"

"இல்லை. அவவுக்கு நான் வந்தது தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கனிவு. "விளங்குது தம்பி. அவவின்ர கண்ணைப் பற்றிச் சனம் கதைக்கிறது உங்களுக்குப் பொறுக்கேல்லை. அதுதான் பழியை உங்கட தலையில போடுறீங்கள். இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்வினம்."

நான் இல்லை என்றேன். மறுபடியும் இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அலுமாரியைத் திறந்து மலரை எடுத்துவந்து என் கையில் விரித்தார். மச்சம் வைத்த முகம் என்னைப் பார்த்தது. நாலு பக்கமும் ஒரே இடைவெளி. குத்துவிளக்கின் ஒரு கோடுகூட வெளியே தெரியவில்லை.

"பாருங்கோ" என்றார், "கண் ஏலாமலே எவ்வளவு நேரா ஒட்டியிருக்கிறா."